கோவையை விடுங்கள், மதுரையைக் கேளுங்கள்: மைசூருத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

மைசூருவில் வாழும் தமிழ் உறவுகளுக்கு,

நம்மவர்கள் நாலு பேர் கூடினால் மண்டக்கள்ளி விமான நிலையத்தைப் பற்றிய பேச்சு வராமல் இருப்பதில்லை. பொங்கல் விழாவுக்கு நன்கொடை கேட்டு வருகிறவர்களிடமும் அதைத்தான் பேசுகிறீர்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தும் அதைத்தான் பேசுகிறீர்கள். கோவைக்கு ஒரு விமானம் விட்டால் போதும், நம் கஷ்டம் பாதி தீர்ந்துவிடும் என்கிறீர்கள். அதை மனுவாக எழுதிக் கொடுக்கவும் உங்களில் பலர் தயாராக இருக்கிறீர்கள். எழுதுவதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். விமானம் கேட்பது சரி. கேட்கிற ஊர்தான் சரியில்லை. நாம் கேட்க வேண்டியது மதுரை.

கோவைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. மண்டக்கள்ளிக்கும் கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கும் இடையே வான்வழியில் 140 கிலோமீட்டர்தான். செல்பேசியில் இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டினால் இருபது நிமிடப் பயணம் என்று காட்டுகிறது. சாலையிலோ சாமராஜநகர், திம்பம், சத்தியமங்கலம் என்று சுற்றி ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ஐந்து மணி நேரம் இருபது நிமிடமாகச் சுருங்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அந்த இருபது நிமிடம், தூரத்தை வேகத்தால் வகுத்ததில் வந்த எண். மண்டக்கள்ளியில் இன்று இறங்குகிற ஏ.டி.ஆர். 72 ரக விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்பது உண்மைதான். அந்த வேகம், மேலே ஏறி நிலைகொண்ட பிறகுதான். அதற்கு முன் விமானம் நின்ற இடத்திலிருந்து ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போக வேண்டும், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும், கிளம்பி மெதுவாக உயரம் பிடிக்க வேண்டும். போகிற ஊரில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதைப் பொறுத்து ஒரு வட்டம் போட வேண்டியிருக்கும். மற்ற விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் வந்து, ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி இறங்க வேண்டும். ஏறி இறங்கும் இந்த வேலைக்குப் பிடிக்கும் நேரம் 140 கிலோமீட்டர் போனாலும் 600 கிலோமீட்டர் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கால அட்டவணையில் நிறுவனங்கள் போடுகிற நேரம் இதையெல்லாம் சேர்த்தது. மண்டக்கள்ளியிலிருந்து பெங்களூரு 157 கிலோமீட்டர்; அங்கே விமானம் ஓடிய காலத்தில் அதற்கு ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் ஒதுக்கினார்கள். கோவைக்கும் ஐம்பது நிமிடத்துக்குக் குறையாது. மதுரையோ 310 கிலோமீட்டர், கோவையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அங்கே போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம் போதும். தூரம் இரட்டிக்கிறது, கூடுவது இருபது நிமிடம்.

இனி வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்கு போடுங்கள். குவெம்பு நகரிலோ யாதவகிரியிலோ இருக்கும் நீங்கள் மண்டக்கள்ளி போக அரை மணி. கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகக் கவுண்டரை மூடிவிடுவார்கள், ஆகவே ஒன்றரை மணி முன்னால் போய் நிற்க வேண்டும். இறங்கிப் பெட்டி எடுத்து வண்டி பிடித்து ஊருக்குள் போக முக்கால் மணி. கோவைக்கு இப்படி மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பஸ்ஸைவிட ஒன்றரை மணி நேரம் மிச்சம், அதுவும் பல மடங்கு கட்டணத்தில். மதுரைக்கு இதே கணக்கில் நான்கு மணி நேரம். இப்போது எவ்வளவு ஆகிறது? மாலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை மதுரை. கிட்டத்தட்ட பதின்மூன்று மணி நேரம். தெற்கே போக வேண்டிய நாம் முதலில் வடகிழக்கே 139 கிலோமீட்டர் போய்ப் பெங்களூரைத் தொட்டு, அங்கிருந்து ஓசூர், தருமபுரி, சேலம், கரூர், திண்டுக்கல் என்று இறங்குகிறோம். காரில் போனால் 400 கிலோமீட்டர், நிற்காமல் ஓட்டினாலும் எட்டு மணி நேரம். கோவை விமானம் ஒன்றரை மணி நேரத்தைத்தான் மிச்சம் பிடிக்கும். மதுரை விமானம் ஒரு முழு இரவையே திருப்பித் தரும்.

இதை நான் ஏட்டுக் கணக்காகச் சொல்லவில்லை. மண்டக்கள்ளியின் சொந்தச் சரித்திரமே இதைத்தான் சொல்கிறது. மைசூர் சமஸ்தானம் 1940களில் அமைத்த விமானத் திடல் அது. பல ஆண்டுகள் சும்மா கிடந்து, புதுப்பிக்கப்பட்டு, 2010 மே மாதம் திறக்கப்பட்டது. அந்த அக்டோபரில் கிங்ஃபிஷர் முதல் சேவையைத் தொடங்கியது. எங்கே? பெங்களூருக்கு. அடுத்த ஆண்டே நின்றது. 2013 ஜனவரியில் ஸ்பைஸ்ஜெட் பெங்களூரு வழியாகச் சென்னையை இணைத்தது, அதுவும் நீடிக்கவில்லை. 2019 ஜூனில் அலையன்ஸ் ஏர் மறுபடியும் பெங்களூருக்கு விட்டது. 2020 டிசம்பரில் மங்களூருக்கு விட்டார்கள். அது 207 கிலோமீட்டர். இந்தக் குறுந்தடங்கள் எதுவும் இன்று இல்லை. நிலைத்து நின்றது எது என்று பாருங்கள்: ஐதராபாத். வான்வழியில் 590 கிலோமீட்டர். ரயிலிலோ பஸ்ஸிலோ போனால் ஒரு ராத்திரி முழுக்கப் போகிற ஊர். விமானத்தில் போனால் உண்மையிலேயே நேரம் மிச்சமாகிறது என்பதால் அங்கே போகிறவர்கள் தொடர்ந்து டிக்கெட் வாங்கினார்கள். பக்கத்து ஊருக்கு விமானம் விட்டால் திறப்பு விழா அன்று ரிப்பன் வெட்டுவார்கள், முதல் பயணிக்கு மைசூர்பாகு கொடுப்பார்கள், பத்திரிகையில் படம் வரும். ஆறு மாதம் கழித்து இருக்கைகள் காலியாகப் போகும். ஓராண்டில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தும்போது ‘மைசூருவில் கூட்டமே இல்லை’ என்று ஒரு பெயர் வேறு. கோவையைக் கேட்டு வாங்கினால் நமக்கும் அந்தப் பெயர்தான் வரும். அதற்குப் பிறகு மதுரையைக் கேட்டால் யார் காது கொடுப்பார்கள்?

நமக்கு ஏன் மதுரை என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து இரவு பதினொரு மணிக்கு வரும் அழைப்பு உங்கள் எல்லார் வீட்டிலும் ஒருமுறையாவது வந்திருக்கும். பெரியப்பா, அத்தை, பள்ளியில் கூடப் படித்தவன், யாரோ ஒருவர் போய்விட்டார். அழுகைக்கு நடுவே நாம் கேட்கும் முதல் கேள்வி, “எப்ப எடுக்கறாங்க?” மறுமுனையில், “மத்தியானம் மூணு மணிக்குள்ள எடுத்துருவாங்க, நீ வந்துருவேல்ல?” அந்த நேரத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் போய் வெகு நேரமாகியிருக்கும். கார் சொல்லலாம் என்றால் திம்பம் மலைப்பாதையில் இரவில் போக முடியாது. பெங்களூரு போய்க் காலை விமானம் பிடிக்கலாம் என்றால் அந்த ராத்திரியில் தேவனஹள்ளி வரை ஓட்ட வேண்டும். கிடைக்கிற டிக்கெட் விலையோ அன்றைக்கு விண்ணைத் தொடும். விருதுநகருக்கு நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்து, திண்ணையில் கழுவி விட்ட ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மண்டக்கள்ளியில் காலை ஏழு மணிக்கு ஒரு மதுரை விமானம் இருந்தால் ஒன்பது மணிக்கு மதுரை நிலையத்தைத் தாண்டியிருப்பார்கள். முகம் பார்த்திருப்பார்கள். 140, 310 என்ற எண்களைவிட எனக்கு இந்த மூன்று மணிக் கணக்குதான் பெரிது.

துக்கம் மட்டுமா? ஹெப்பாளில் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் இருக்கிறது. கல்லூரி முடித்த கையோடு தென்மாவட்டப் பிள்ளைகள் அங்கே வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். மானசகங்கோத்ரியில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1960களிலிருந்து இயங்குகிறது. காது கேளாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் தாய்மார்கள் வருகிறார்கள். அவர்கள் எல்லாரும் விமானத்தில் வரப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கருவி பொருத்திய பிள்ளையைச் சரிபார்க்க ஒரே ஒரு நாள் வேலையாக வந்து திரும்புகிறவர்கள், போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி என்று பிள்ளையின் தூக்கத்தையும் தங்கள் கூலியையும் சேர்த்து இழக்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அதைத் தவிர்க்க முடிகிறவர்களுக்காவது வழி இருக்கட்டுமே.

‘எக்ஸ்பிரஸ்வே போட்டாகிவிட்டது, பெங்களூரு ஒன்றரை மணி நேரம், அங்கே போய் எந்த ஊருக்கும் பறக்கலாம்’ என்று சொல்கிறீர்கள். 2023 மார்ச்சில் திறந்த அந்தச் சாலையால் நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் நீங்கள் தொடுவது கெங்கேரிப் பக்கத்தை. தேவனஹள்ளி நிலையம் நகரத்துக்கு அந்தப் பக்கம், வடக்குக் கோடியில் இருக்கிறது. நம் வீட்டிலிருந்து 180 கிலோமீட்டருக்கு மேல். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஃப்ளைபஸ் வசதியாகத்தான் ஓடுகிறது. அதில் போனாலும் நான்கு மணி நேரத்தை ஒதுக்காமல் யாரும் கிளம்புவதில்லை. மதுரைக்கு ஒரு மணி நேரம் பறப்பதற்காக அதைப் போல நான்கு மடங்கு நேரம், மதுரையை விட்டு விலகி வடகிழக்கே, தரையில் போகிறோம். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய எட்டு மணி நேரம். காரில் போவதற்கும் அதே எட்டு மணி நேரம்தான்.

இன்னொரு சாரார், ஓடுபாதை நீளட்டும், அதன் பிறகு எல்லாம் தானாக வரும் என்று காத்திருக்கிறீர்கள். மண்டக்கள்ளி ஓடுபாதை 1,740 மீட்டர். ஏர்பஸ், போயிங் இறங்க 2,750 மீட்டராக நீட்ட வேண்டும் என்பது திட்டம். நீட்டும் வழியில் நஞ்சன்கூடு நெடுஞ்சாலையும் சாமராஜநகர் ரயில் பாதையும் குறுக்கே கிடக்கின்றன. அவற்றுக்கு வேறு வழி செய்ய வேண்டும், நிலம் எடுக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? நீட்டட்டும், நல்லது. ஆனால் மதுரைக்குப் போக அந்த நீளம் தேவையே இல்லை. எழுபது சொச்சம் பேர் போகும் ஏ.டி.ஆர். இன்றுள்ள ஓடுபாதையிலேயே இறங்கி ஏறுகிறது. மதுரை ஓடுபாதை 2,285 மீட்டர். அங்கேயும் எந்தச் சிக்கலும் இல்லை. இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றை, என்றைக்கோ முடியப் போகிற வேலைக்காகத் தள்ளிப்போடுவது நியாயமா?

பணக் கணக்கும் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2016இல் மத்திய அரசு அறிவித்த உடான் திட்டத்தில் மைசூரு இருக்கிறது. ஒரு முனை இத்தகைய சிறிய நிலையமாக இருந்தால், மறுமுனை மதுரை போலப் பெரிய ஊராக இருந்தாலும் தடம் திட்டத்துக்குள் வர முடியும். தொடங்கியபோது ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகளை 2,500 ரூபாய்க்குத் தர வேண்டும் என்று விதித்தார்கள். நிறுவனத்துக்கு ஏற்படும் பற்றாக்குறையை மூன்றாண்டுகள் அரசு ஈடுகட்டும். சிறு நிலையத்தில் நிரப்பும் எரிபொருளுக்கு மாநில வரி 1 விழுக்காட்டைத் தாண்டாது. 80 இருக்கைக்குக் குறைந்த விமானங்களுக்கு இறங்கு கட்டணமும் கிடையாது. 2017 செப்டம்பரில் ட்ரூஜெட் சென்னைக்கு விட்டது இந்தத் திட்டத்தில்தான். 2025 பட்ஜெட்டில் உடானைப் புது வடிவில் பத்தாண்டுகளுக்கு நீட்டிப்பதாக அறிவித்திருக்கிறார்கள். வாய்ப்பு திறந்திருக்கிறது. ஆனால் மூன்றாண்டு மானியம் முடிந்த பிறகும் விமானம் ஓட வேண்டுமென்றால் தடத்துக்குச் சொந்தக் கால் வேண்டும். மானியம் நின்ற மறுநாளும் டிக்கெட் வாங்க ஆள் இருக்கும் தடம் மதுரைதான் என்று நான் நம்புகிறேன். கோவைக்கு அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

திருச்சி, தஞ்சைப் பக்கத்து உறவுகளே, உங்கள் முணுமுணுப்பும் கேட்கிறது. திருச்சி 277 கிலோமீட்டர். தூரக் கணக்கில் மதுரைக்குச் சமமான தகுதி உண்டு. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் மதுரையை முன்னால் வைக்கச் சொல்கிறேன். திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்கள் அதைச் சுற்றி இருக்கின்றன. நெல்லையும் தூத்துக்குடியும் நாற்கரச் சாலையில் இரண்டரை மணி நேரம். முதல் தடம் வெற்றி பெற்றால் இரண்டாவதைக் கேட்கும் உரிமை தானாக வரும். அப்போது திருச்சிக்காக நானும் எழுதுவேன்.

கோவைக்கு ஒன்றுமே வேண்டாமா? வேண்டும், வேறு விதத்தில். சாமராஜநகரோடு நின்றுவிட்ட ரயில் பாதையைக் காட்டுக்குள் நீட்டச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பந்திப்பூரில் 2009 முதலும் திம்பத்தில் 2022 முதலும் இருக்கும் இரவுத் தடையும் நீதிமன்றங்கள் யோசித்துப் போட்டது. சாலையைக் கடக்கும் யானைக்கும் புலிக்கும் அந்த இரவு வேண்டும். பகலில் ஓடும் பஸ்ஸைத்தான் பலப்படுத்த வேண்டும். விடிந்ததும் தடை நீங்குகிறதே, அந்த நேரத்துக்கு தடை தொடங்கும் இடத்தில் நிற்கும்படி இங்கிருந்து கிளம்பும் நல்ல பஸ்களை இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் விட்டால், கோவைக்காரர் காலைப் பலகாரம் ஆறுவதற்குள் வீட்டில் இருப்பார். அதற்கு விமானத்தின் செலவில் ஒரு சிறு பங்கு போதும். அந்த மனுவில் என் கையெழுத்தும் இருக்கும்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். கோவை விமான மனுவை மடித்து வையுங்கள். அதற்குப் பதில் மதுரை கேட்டு ஆளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஐந்நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே தாளைவிட, ஐம்பது பேர் தனித்தனியாக எழுதிய கடிதத்துக்குத்தான் தடம் தேர்ந்தெடுக்கிறவர்கள் மதிப்புக் கொடுப்பார்கள். அதில் உணர்ச்சி வசனம் வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து கடந்த ஆண்டு தென்மாவட்டங்களுக்கு எத்தனை பேர், எந்த மாதங்களில், எதில் போனீர்கள், என்ன செலவு, வாரநாளா சனி ஞாயிறா, காலையில் கிளம்ப வேண்டுமா மாலையிலா, எவ்வளவு கட்டணம் வரை கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள். விமான நிறுவனத்தின் மேசையில் இல்லாதது இந்தத் தகவல்தான். மைசூருவிலிருந்து பெங்களூரு போய் மதுரைக்குப் பறக்கிறவர் அவர்கள் கணக்கில் பெங்களூரு பயணி. நீங்கள் சொல்லாவிட்டால் நாம் இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஒரு பிரதி மைசூரு நாடாளுமன்ற உறுப்பினர் யதுவீர் அவர்களுக்கு. இன்னொன்றை நீங்கள் அனுப்பாதீர்கள். மதுரையில் இருக்கும் உங்கள் அண்ணனையோ மாமியையோ அந்தத் தொகுதி உறுப்பினர் சு. வெங்கடேசன் அவர்களுக்கு எழுதச் சொல்லுங்கள். இரண்டு முனையிலிருந்தும் கோரிக்கை போனால்தான் போகும்போதும் வரும்போதும் விமானம் நிறையும் என்று நம்புவார்கள். மூன்றாவது பிரதி, ஏ.டி.ஆர். வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும்.

சேவை கிடைத்த பிறகு உங்களிடம் இன்னும் ஒன்று கேட்பேன், இப்போதே சொல்லிவைக்கிறேன். ஐந்நூறு ரூபாய் குறைவு என்று தேவனஹள்ளி டிக்கெட்டைப் பார்க்கும்போது, அங்கே போகிற நான்கு மணி நேரத்தையும் வண்டிச் செலவையும் சேர்த்துக் கூட்டுங்கள். தசராவுக்கும் தீபாவளிக்கும் மட்டும் விமானத்தை நினைக்காமல், தள்ளிப்போடக்கூடிய பயணங்களைச் செவ்வாய் புதனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தின் நடுவில் காலியாகப் போகும் இருக்கைகள்தான் ஒரு தடத்தைக் கொல்கின்றன. கடைசி நேரத்தில் விமானத்தை ரத்து செய்து ஒரு குறுஞ்செய்தியோடு முடித்துக்கொண்ட நிறுவனத்தால் நானும் பட்டிருக்கிறேன். அதனால் கோபித்துக்கொண்டு ஒதுங்கினால் நஷ்டம் நமக்குத்தான். புகாரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த டிக்கெட்டை இங்கிருந்தே வாங்குங்கள்.

நாட்டின் விமான அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை மாறுகிறது: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. எந்தத் தடத்தில் எந்த நேரத்துக்கு என்று நிறுவனங்கள் முடிவு செய்வது அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே. குளிர்கால அட்டவணைக்கு ஆடி முடிவதற்குள் நம் கடிதங்கள் போய்ச் சேர வேண்டும். கோடைக்கால அட்டவணைக்குத் தை பிறப்பதற்குள். இதைப் படிக்கும்போது எது முன்னால் வருகிறதோ அதற்கு எழுதுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு பக்கம் எழுத அரை மணி நேரம் ஆகும். தமிழில் எழுதத் தயங்கினால் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். கையெழுத்துக்குக் கீழே உங்கள் மைசூரு முகவரியும் ஊரில் உங்கள் வீடு இருக்கும் ஊரின் பெயரும் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
மைசூரு